கல்பாக்கத்து உலை மீண்டெழுந்த வரலாறு

பழுதுற்ற இருப்புப்பாதையைச் செப்பனிட்ட பின்னர், முதல் வண்டியை முழு வேகத்தில் விடுவதில்லை. வேகக் கட்டுப்பாட்டு உத்தரவு கொடுத்து மெல்லவே விடுவர். ரயில்வேயில் பேனா பிடிக்கும் என் போன்றோர் இதனை நன்கறிவர். அணு உலைக்கும் அதுவே முறை.

நம் பலமனேருக்குக் கிழக்கே, கடலோரத்துக் கல்பாக்கத்தில், வேக ஈனுலை ஒன்று 1985 அக்டோபர் 18 ஆம் நாள் முதன்முதலாக உயிர் பெற்றது. 1987 மே மாதத்தில், உலைக்குள் எரிபொருட் கட்டு ஒன்றை இடம் மாற்றுகையில் நேர்ந்த விபத்தில், நீண்ட வழிகாட்டிக் குழாயொன்று வளைந்து சிக்கிக்கொண்டது. வளைந்த குழாய்தானே, உருவி எறியலாகாதோ என்பீர்கள். அவ்வுலையைக் குளிர்விப்பது நீரன்று, உருகிய சோடியம். அதனூடே கண் பார்வை செல்லாது. காற்றுப் பட்டாலோ தீப்பற்றும். எனவே ஆர்கான் வாயுவின் காப்பில், எட்ட நின்றே யாவும் செய்ய வேண்டியதாயிற்று. இதற்கென்றே ஒரு வெட்டுங் கருவி செய்து, குழாயை உள்ளேயே அறுத்து, இரு துண்டுகளாக வெளிக்கொணர்ந்தனர். ஈராண்டு சென்றது. 1989 மே மாதத்தில் உலை மீண்டும் இயங்கிற்று.

அப்பொழுதும் அவசரப்படவில்லை. சிறிதளவு எரிபொருளுடன், மிகக் குறைந்த ஆற்றலிலேயே ஓட்டிப் பார்த்தனர். புதுவகைக் கார்பைடு எரிபொருளாதலின், அதன் தாங்குதிறனைச் சோதித்துச் சோதித்தே ஆற்றலைக் கூட்ட வேண்டியிருந்தது. இத்துணைத் தாமதமா என்று நகைப்போர் உண்டு, யான் நகையேன். 1997 இல்தான் அதன் மின்சாரம் பொதுக் கம்பியில் சேர்ந்தது. முழுத்திறனாகிய 40 மெகாவாட் வெப்ப ஆற்றலை எட்டியது 2022 மார்ச்சில். தொடக்க நாளில் அங்கே பணியேற்ற இளைஞர் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பர்.