சேகரிப்பு அட்டைகளும் இணையவழி அனுப்பீட்டு விற்பனையும்

சேகரிப்பு அட்டை என்பது விளையாட்டு வீரர் அல்லது கதைமாந்தர் ஒருவரின் படத்தை ஒரு புறத்திலும், அவரைப் பற்றிய குறிப்பை மறுபுறத்திலும் அச்சிட்டு வெளியிடப்படும் சிறிய அட்டை ஆகும். அமெரிக்காவில் இது டிரேடிங் கார்டு எனப்படுகிறது. சிறுவர்களின் கைமாற்றுப் பொருளாக இருந்த இந்த அட்டைகள் இன்று பெரும் வணிகமாக வளர்ந்துள்ளன. அவ்வணிகத்தின் ஒரு முக்கியமான வடிவம் அனுப்பீட்டு விற்பனை.

பொருளின் உரிமையாளர் அதை விற்றுத் தருமாறு ஒரு முகவருக்கு அனுப்பி வைக்கிறார். முகவர் அதை விற்று, தமது கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தருகிறார். விற்பனையாகும் வரை பொருள் அனுப்பியவருக்கே உரியது. இதுவே வணிகவியலில் அனுப்பீடு எனப்படும். உழவர் கொண்டுவரும் காய்கறியைக் கமிஷன் மண்டிக்காரர் விற்றுத் தருவதும் இதே முறையில்தான்.

தோற்றம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளுக்குள் பேஸ்பால் வீரர்களின் படங்களை வைத்து விற்றன. சிகரெட் நசுங்காமல் இருக்கவும், வாங்கியவர் மீண்டும் வாங்கவும் இந்த அட்டைகள் உதவின. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் வெளியிட்ட தொகுதி இன்று டி206 என்ற குறியீட்டால் அறியப்படுகிறது. அதில் பிட்ஸ்பர்க் அணி வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. புகையிலை விளம்பரத்தில் தம் படம் வருவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர்; உரிய பணம் தரப்படாததால் மறுத்தார் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், மிகக் குறைவாகவே வெளிவந்ததால் அந்த அட்டை அரும்பொருளாயிற்று.

பின்னர் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்தது. புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் நிறுவனம் 1952-இல் 407 அட்டைகள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர்களுள் ஒருவர் சை பெர்கர். விற்காமல் தேங்கிய அட்டைப் பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பின்னாளில் கூறினார். அந்த அட்டைகளை வைத்திருக்க அன்று யாரும் இடம் தரத் தயாராக இல்லை.

பட்டியலும் விலையும்

ஒரு பொருளைத் தொலைவில் இருப்பவருக்கு விற்க வேண்டுமானால், அது எந்தப் பொருள் என்று இருவரும் ஒரே பெயரில் குறிப்பிட வேண்டும். அந்தப் பணியைச் செய்தவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த ஜெஃபர்சன் பர்டிக். அவர் 1939-இல் முதன்முதலாக அட்டைகளின் பட்டியல் நூலை வெளியிட்டார். டி206 என்ற குறியீடு அவர் வகுத்த முறையைச் சேர்ந்தது. டி என்ற எழுத்து 20-ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளைக் குறிக்கும். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட நிலையிலும் தம் சேகரிப்பான 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் பொருள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அவர் கொடையாக அளித்தார். அவர் 1963-இல் காலமானார்.

பெயருக்கு அடுத்தது விலை. புள்ளியியல் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கெட் 1979-இல் விலை வழிகாட்டி நூலையும், 1984-இல் மாத இதழையும் தொடங்கினார். கடைக்காரரும் பள்ளிச் சிறுவனும் ஒரே விலைப்பட்டியலைப் பார்த்துப் பேரம் பேசத் தொடங்கினர்.

விலை உயர்வதைக் கண்ட நிறுவனங்கள் 1980-களின் இறுதியில் அட்டைகளை அளவின்றி அச்சிட்டன. கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று பல குடும்பங்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தன. எல்லாரிடமும் இருந்ததால் அவை அருமை இழந்தன. 1994-இல் பேஸ்பால் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் ரத்தானது; ரசிகர்களின் ஆர்வமும் குறைந்தது. அட்டைக்கடைகள் பல மூடப்பட்டன.

தரமிடல்

அட்டையின் விலை அதன் நிலையைப் பொறுத்தது. முனை மழுங்கியிருந்தாலும் படம் நடுவில் அமையாவிட்டாலும் விலை பல மடங்கு குறையும். விற்பவர் சொல்லை வாங்குபவர் நம்ப இயலாததால், மூன்றாம் தரப்பினர் அட்டையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தரும் முறை வந்தது. 1991-இல் தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ நிறுவனம் இதில் முன்னோடிகளுள் ஒன்று.

அந்நிறுவனம் முதன்முதலில் தரமிட்டது ஒரு வாக்னர் அட்டையை. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதை 1991-இல் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் வாங்கியிருந்தனர். அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்த அட்டையை முன்பு விற்றவரான பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவர் நடத்திய ஏல நிறுவனத்தில் விலையை உயர்த்தப் போலியாக ஏலம் கேட்கப்பட்டதும் அவ்வழக்கில் வெளிப்பட்டது. 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நடுவராக இருப்பவரின் சொல்லையும் சோதிக்க வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

இணையமும் மலிவான அட்டையின் சிக்கலும்

1995-இல் தொடங்கிய ஈபே, உள்ளூர்க் கடையை நம்பியிருந்த சேகரிப்பாளர்களுக்கு நாடு முழுவதையும் சந்தையாக்கியது. ஆனால் விலை உயர்ந்த அட்டைகளுக்கே அது எளிதாக இருந்தது. ஒவ்வொரு அட்டைக்கும் படம் எடுத்து, விவரம் எழுதி, உறையிட்டு, அஞ்சலகம் செல்ல வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கான அஞ்சல்தலை 41 சென்ட். 25 சென்ட் விலையுள்ள அட்டை தன் அஞ்சல்தலைக்கே ஈடாகாது. வீடுகளில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய மலிவான அட்டைகளே.

இச்சிக்கலுக்குத் தீர்வாக அதே 2007-இல் வாஷிங்டன் மாநிலத்தில் டிம் கெட்ச் என்பவர் ‘செக் அவுட் மை கார்ட்ஸ்’ என்ற தளத்தைத் தொடங்கினார். இன்று அது சிஓஎம்சி எனப்படுகிறது. விற்பவர் அட்டைகளைப் பெட்டியில் இட்டு அனுப்புகிறார். ஊழியர்கள் ஒவ்வோர் அட்டையையும் அடையாளம் கண்டு, இரு புறமும் ஸ்கேன் செய்து, கிடங்கில் வைக்கின்றனர். விலையை விற்பவரே குறிக்கிறார். வாங்குபவர் பல பேருடைய அட்டைகளைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து, ஒரே பொட்டலமாகப் பெற்றுக்கொள்ளலாம். அஞ்சல் செலவு பல அட்டைகளுக்கும் பகிர்ந்துவிடுகிறது. அவர் விரும்பினால், அட்டையைக் கிடங்கிலிருந்து எடுக்காமலேயே வேறு விலைக்கு மீண்டும் விற்கலாம். அட்டை அசையாமல் உரிமை மட்டும் கைமாறுகிறது.

விலை உயர்ந்த அட்டைகளுக்கு வேறு வகை நிறுவனங்கள் உள்ளன. அவை ஏல முறையில் விற்றுத் தருகின்றன. 2022-இல் ஈபே, விற்பனை வரி இல்லாத டெலவேர் மாநிலத்தில் அட்டைகளுக்கென்றே காப்புக் கிடங்கு ஒன்றைத் திறந்தது.

பயனும் இடரும்

நேரமும் விற்பனை அனுபவமும் இல்லாதவருக்கு அனுப்பீட்டு முறை பேருதவி. ஆனால் பொருள், அதன் படம், விற்ற பணம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஸ்கேன் கட்டணம், கமிஷன், பணத்தை வெளியே எடுக்கும் கட்டணம் எனக் கழிவுகள் சேரும்போது மலிவான அட்டையில் மிஞ்சுவது சில சென்ட்களே. ஏல முறையில் குறைந்தபட்ச விலை குறிக்கப்படாவிட்டால், கேட்பார் குறைந்த நாளில் அட்டை மலிவாகப் போய்விடும்.

நிறுவனம் நொடித்துப்போவது இதனினும் பெரிய இடர். அமெரிக்க வணிகச் சட்டப்படி, வணிகராக இருந்து சரக்கை அனுப்புபவர் தம் உரிமையை முறைப்படி பதிவு செய்யாவிட்டால், முகவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அச்சரக்கின் மீது உரிமை கோர இடமுண்டு. ஆகவே அனுப்பும் முன் ஒவ்வோர் அட்டையையும் படம் எடுத்துப் பட்டியலிடுவதும், காப்பீட்டு விதிகளையும் பணம் தரும் கால அளவையும் எழுத்தில் பெறுவதும் இன்றியமையாதவை.

பெருந்தொற்றுக்குப் பின்

2020-இல் கொரோனாவால் வீட்டில் முடங்கியவர்கள் பழைய அட்டைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தனர். தேவை திடீரென உயர்ந்தது. குவிந்த அட்டைகளைக் கையாள இயலாமல் பிஎஸ்ஏ 2021 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்குப் புதிய அட்டைகளைப் பெறுவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. தங்கள் பொருள் எப்போது விற்பனைக்கு வரும் என்று தெரியாமல் அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

2022 ஆகஸ்டில் 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த அட்டை இருந்த தொகுதியைத்தான் டாப்ஸ் ஒரு காலத்தில் பெட்டியோடு கடலில் கொட்டியது. அந்த இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அட்டையின் காகிதம் மாறவில்லை. அதற்குப் பெயரிட்டவர், விலை குறித்தவர், தரமிட்டவர், விற்றுத் தந்தவர் என ஒருவர் பின் ஒருவராக இடையில் வந்தனர். அட்டைக்கு மதிப்பு சேர்த்தவர்கள் அவர்களே. அட்டையை அனுப்புபவர் விழிப்போடு கவனிக்க வேண்டியவர்களும் அவர்களே.