சார்ட்வெல் தோட்டத்துச் சுவர்

1928 செப்டம்பரில் பிரிட்டனின் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். விடுமுறை இனிமையாகக் கழிகிறது, நாளொன்றுக்கு 200 செங்கல், 2,000 சொல் என்று வேலை நடக்கிறது எனக் கணக்குச் சொன்னார். சொற்கள் அவர் எழுதிவந்த புத்தகத்துக்கு. செங்கற்கள், கென்ட் பகுதியில் அவர் 1922இல் வாங்கிய சார்ட்வெல் பண்ணையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சிறு வீட்டுக்கு.

கடைசி மகள் மேரி விளையாட அங்கே ஒரு செங்கல் குடில் கட்டப்பட்டது. ஆனால் சர்ச்சிலின் ஆண்டுகளை விழுங்கியது காய்கறித் தோட்டத்தைச் சுற்றிய உயரமான சுவர்தான்.

சுவர் கட்டுவது தள்ளி நின்று பார்க்கிறவருக்கு எளிது. இரண்டு மூலைகளையும் முதலில் சில வரி உயர்த்தி, தூக்குகுண்டு விட்டுச் செங்குத்துப் பார்த்து, இடையில் நூல் கட்டி, ஒவ்வொரு கல்லையும் நூலுக்குச் சரியாக உட்கார வைக்க வேண்டும். மேல்வரியின் இணைப்பு கீழ்வரி இணைப்புக்கு நேராக விழக் கூடாது. காய்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். முதல் வரியில் ஓர் இழை பிசகினால், பத்தாவது வரியில் அது கண்ணை உறுத்தும். ஓர் அமைச்சர் இதற்கெல்லாம் பொறுமையாகக் குனிந்து நிமிர்ந்தார் என்பது மெச்ச வேண்டிய விஷயமே.

ஆனாலும் 200 செங்கல் எவ்வளவு வேலை? அமெரிக்காவில் 1885இல் கொத்து வேலை பழகத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனாரின் கையசைவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1909இல் புத்தகமே எழுதினார். கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரும் சாரம் அமைத்து, வீண் அசைவுகளைக் குறைத்தார். மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 வரை வைக்க முடிந்தது என்று பதிவாகியிருக்கிறது. பழைய வேகத்திலேயே பார்த்தாலும் சர்ச்சிலின் ஒரு நாள் கணக்கு, தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த வேலை.

1928 அக்டோபரில் விஷயம் சூடுபிடித்தது. கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர் ஜேம்ஸ் லேன் அழைக்க, சர்ச்சில் 5 ஷில்லிங் கட்டி உறுப்பினர் அட்டை வாங்கினார். கிளைகளில் கொதிப்பு எழுந்தது. அவருக்குத் தகுதியில்லை என்று சங்கத்தின் செயற்குழு அறிவித்தது.

இதைச் சிறுமை என்று சொல்ல முடியாது. 1925இல் பவுண்டைத் தங்கத்தோடு மீண்டும் பிணைத்தவர் சர்ச்சில். ஏற்றுமதி விலை உயர்ந்தது. சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க முனைந்தார்கள். 1926இல் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. அதை எதிர்த்து அரசு நடத்திய ‘பிரிட்டிஷ் கெஜட்’ நாளிதழின் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அன்று தெருவில் நின்றவர்களின் சங்க அட்டை, இரண்டே ஆண்டில் அவர் சட்டைப்பைக்குப் போனால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கரணை பிடித்த கை மட்டும் ஒருவரைத் தொழிலாளி ஆக்கிவிடாது. மழை பெய்து வேலை நின்றால் அன்றைய கூலியும் நிற்கும் என்ற பயம் சார்ட்வெல்லில் இல்லை.

சர்ச்சில் விடவில்லை. 1929இல் பதவி போன பிறகும் சுவர் வளர்ந்தது. 1966 முதல், பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அந்தப் பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. 1925 முதல் 1932 வரை இச்சுவரின் பெரும்பகுதியை வின்ஸ்டன் தன் கையால் கட்டினார் என்று சுவரில் பதித்த பலகை சொல்கிறது. மிச்சப் பகுதியைக் கட்டியவர்களின் பெயர் அந்தப் பலகையில் இல்லை.