உலோக நானோதண்டு அணி

தங்கம், வெள்ளி போன்ற உலோகங்களாலான நுண்ணிய தண்டுகளைத் தூரிகை மயிர்களைப் போல நெருக்கமாகவும் இணையாகவும் நிறுத்திய அமைப்பு உலோக நானோதண்டு அணி எனப்படும். தண்டின் தடிமன் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர். தண்டுகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு என்பதால், தனித்தனித் தண்டுகளாக அல்லாமல் ஒரே பொருளாகவே அணி முழுவதும் ஒளியிடம் நடந்துகொள்கிறது.

செயல்படும் விதம்

ஒளியின் மின்புலம் உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்களை ஒருசேர ஊசலாடச் செய்கிறது. இவ்வூசலே பிளாஸ்மான். தங்கத் தண்டின் குறுக்குவாக்கில் எழும் ஊசல் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை உட்கவரும். நீளவாக்கு ஊசலோ, தண்டு நீள நீள, சிவப்பையும் கடந்து அகச்சிவப்புக்கு நகரும். அணியில் அண்டைத் தண்டுகளின் புலங்கள் ஒன்றையொன்று தொடுவதால் இடைவெளியும் இந்த அலைநீளத்தை மாற்றுகிறது.

வரலாறு

இதன் வேர் 1888இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் செய்த சோதனையில் உள்ளது. சட்டமொன்றில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் செம்புக் கம்பிகளை அவர் இழுத்துக் கட்டினார். மின்புலத்துக்கு இணையாகக் கம்பிகள் நின்றபோது ரேடியோ அலை தடுக்கப்பட்டது. சட்டத்தைச் செங்கோணம் திருப்பியதும் கடந்து சென்றது. 1908இல் குஸ்டாவ் மீ உலோகக் கோளங்களின் நிறத்துக்குக் கணித விளக்கம் தந்தார். 1912இல் ரிச்சர்ட் கான்ஸ் அதை நீள்வடிவத் துகள்களுக்கு விரித்து, வடிவம் மாறினால் நிறமும் மாறும் என்று காட்டினார். 1960இல் பேர்டு, பாரிஷ் இருவரும் நெகிழிக் கீற்றணியின் மேல் தங்கத்தை ஆவியாகப் படியவைத்து, அகச்சிவப்பு ஒளிக்கான கம்பிச் சட்டத்தை உருவாக்கினர்.

தண்டுகளைக் கோடிக்கணக்கில் நிறுத்த வழிகாட்டியது வேதியியல். அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியத்தின் மேல் நுண்துளைகள் நிறைந்த அலுமினாப் படலம் வளரும். அத்துளைகளைச் சீரான ஒழுங்கில் பெறும் முறையை 1995இல் ஜப்பானின் மசுதா, ஃபுகுதா வெளியிட்டனர். துளைகளுக்குள் மின்படிவு முறையில் உலோகத்தை நிரப்பினால் தண்டுகள் உருவாகும்.

2008இல் பெர்க்லியில் ஷியாங் ஜாங் குழுவினர் 110 நானோமீட்டர் இடைவெளியில் நின்ற வெள்ளித் தண்டுகளுக்குள் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியைச் செலுத்தினர். தண்டுவாக்கில் உலோகமாகவும் குறுக்குவாக்கில் கண்ணாடி போன்ற மின்காப்பாகவும் இயங்கிய அணி, ஒளியை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விலகச் செய்தது. ஹெர்ட்ஸின் சட்டத்தைவிட இடைவெளி இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் சுருங்கியதால், இயற்கைப் பொருள்களில் அரிதான இப்பண்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே கைவந்தது.

பயனும் வரம்பும்

தண்டுகளின் இடையே மூலக்கூறுகள் ஒட்டினால் அணி உட்கவரும் ஒளியின் அலைநீளம் நகரும். இதனைக் கொண்டு, மிகச் சிறிய உயிர்மூலக்கூறுகளையும் தங்கத் தண்டு அணியால் கண்டறியலாம் என 2009இல் காட்டப்பட்டது. உலோகம் ஒளியின் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுவதே முதன்மையான வரம்பு. அணி தடிமனாகும்தோறும் இவ்விழப்பும் கூடுகிறது.