பெயர் வெட்டிய பாத்திரங்கள்

கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பேளுக்குறிச்சி, வாரச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். மிளகு, சீரகம், மல்லி என ஆண்டு முழுமைக்கும் வேண்டிய மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் செல்ல மக்கள் இங்கே கூடுகின்றனர். வாங்கிய பொருள்கள் ஒரு காலத்தில் மரத்தாலான அஞ்சறைப் பெட்டியிலும் பித்தளைத் தூக்குப் போசியிலும் போய்ச் சேர்ந்தன. இன்று பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைபடுகின்றன. பழைய பெட்டியும் போசியும் எங்கே? சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. சில வீடுகளில் மெருகேற்றப்பட்டு, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் அழகுப் பொருளாய் வீற்றிருக்கின்றன. பல வீடுகளிலிருந்தோ எடைக்குப் போய்விட்டன. இம்மூன்றையும் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

பித்தளை நம் சமையலறையை விட்டு வெளியேறியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புள்ள உணவு கெட்டுப்போகும். பூசிய ஈயமோ தேயத் தேய மீண்டும் பூசப்பட வேண்டும். புளியிட்டுத் துலக்கும் வேலையும் ஓய்வதில்லை. இவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே விழுந்தது. எவர்சில்வர் அந்தச் சுமையைக் குறைத்தது. 1981-ஆம் ஆண்டு சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருவாக்கத் தொடங்கியபோது, பேளுக்குறிச்சியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். பழைய அண்டாவைக் கொடுத்துப் புதிய பாத்திரம் வாங்கிய தாய்மாரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும், அந்த அண்டாவோடு ஒரு பெயரும் வீட்டை விட்டுச் சென்றது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, கொடுத்தவர் பெயரையோ பெறுபவர் பெயரையோ, சில வேளைகளில் நாளையும் சேர்த்துப் பொறித்தார்கள். தாய்மாமன் சீராக வந்த குடத்தில் மாமன் பெயர் இருக்கும். மகளுக்கென வாங்கிய செம்பில் அவள் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும்.

இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். நிலப் பட்டாவிலும் வீட்டுப் பத்திரத்திலும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இடம்பெற்றன. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனையும் மகளையும் சமமாகவே கருதியது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு வழங்கிய சட்டத்திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் சொன்னாலும், சீர் செய்ததோடு மகளின் பங்கு தீர்ந்தது என்று கருதிய குடும்பங்கள் எத்தனை! நிலத்தில் பெயர் இல்லாத பாட்டிக்கு, அவள் பெயர் நிலைத்திருந்த இடம் ஒரு செம்பின் கழுத்து. அந்தச் செம்பு எடைக்குப் போய் உலையில் உருகும்போது, அந்த எழுத்துகளும் உருகிவிடுகின்றன.

பழைமை முழுவதும் பொன்னானது என்று நாம் சொல்ல வரவில்லை. பெயர் வெட்டியதில் பாசமும் இருந்தது, ஊரார் பார்க்க வேண்டும் என்ற பெருமையும் இருந்தது. வரதட்சணையைத் தடை செய்ய 1961-இல் ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது. ஒரு குடத்துக்காகத் தந்தை பட்ட கடனும் அந்தக் குடத்தின் வரலாற்றில் அடங்கும். அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஒரு வட்டாரம் முழுவதுமே தன் வீட்டுப் பொருள்களைப் பிரிந்த வரலாற்றைக் காண விரும்பினால், செட்டிநாட்டுக்குச் செல்ல வேண்டும். பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், அந்நாட்டுத் தேக்கைக் கொண்டுவந்து தூண் நிறுத்தினர்; ஆத்தங்குடிக் கல் பதித்தனர். மணமகளின் சீர்ச் சாமான்களைப் பட்டியலிட்டு, உற்றார் காணப் பரப்பி வைத்தனர். 1942-இல் சப்பானியப் படையெடுப்பும், 1948-இல் பர்மா விடுதலை பெற்றபின் வந்த நில நாட்டுடைமைச் சட்டமும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலராகிப் பராமரிப்பு அரிதானது. பல வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் சீர்ப் பாத்திரங்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து நகரத்து விடுதிகளையும் அயலார் இல்லங்களையும் அலங்கரிக்கச் சென்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றை நாம் இன்றும் காணலாம். வாங்கியவர்கள் அப்பொருள்களை உலையிலிருந்து காத்தார்கள்; அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவற்றில் வெட்டியிருக்கும் முதலெழுத்துகள் யாருடையவை என்று கேட்டால், அங்கே விடை சொல்ல எவரும் இல்லை.

விடை சொல்ல ஆள் வேண்டும் என்பதை விவிலியமும் அறிந்திருந்தது. யோர்தானைக் கடந்த மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த 12 கற்களைக் கில்காலில் நாட்டினார்கள். அக்கற்களின் பொருள் என்னவென்று பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள், அப்போது பெற்றோர் நடந்ததை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே யோசுவாவின் கட்டளை. கேள்வியும் விடையும் இல்லாவிடில், அவை ஆற்றங்கரைக் கற்களே.

நம் இல்லங்களுக்கும் இது பொருந்தும். தாத்தாவின் படியைக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்பதைவிட, 8 ஆழாக்கு ஒரு படி என்று பேரப்பிள்ளை அளந்து பார்க்கக் கையில் கொடுப்பது மேல். பாட்டியின் குத்துவிளக்கு வீட்டுப் பீடத்தின் அருகே எரியட்டும். ஒவ்வொரு பொருளும் யாருடையது, எப்போது வந்தது, எந்தச் சூழலில் வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுவோம். பாகப்பிரிவினை நாளில் பாத்திரங்களைத் தராசில் ஏற்றுமுன், அவற்றைத் திருப்பிப் பார்த்துப் பெயரைப் படிப்போம். அது பெரும்பாலும் ஒரு தாயின் பெயராக இருக்கும்.