இக்னோராபிமுஸ் விவாதம்

மனித அறிவுக்கு என்றைக்குமே எட்டாத கேள்விகள் உண்டா என்பது பற்றி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் அறிவியலாளரிடையே மூண்ட விவாதம். ‘அறியமாட்டோம்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் பெயராயிற்று.

1872 ஆகஸ்ட் 14 அன்று லைப்சிக் நகரில் கூடிய இயற்கை ஆய்வாளர், மருத்துவர் மாநாட்டில் எமில் டு புவா-ரேமோன் ஆற்றிய உரையை அந்தச் சொல்லோடுதான் முடித்தார். அவர் சமயவாதி அல்லர். பெர்லினில் உடலியல் பேராசிரியர். உயிரை விளக்க இயற்பியலும் வேதியியலும் போதும், தனியாக ஓர் உயிர்விசை வேண்டாம் என்று வாதாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். தசை இறுகும்போது மின்னோட்டம் எழுவதைத் தம் உடம்பிலேயே அளந்து காட்டியவர். தோலின் மின்தடை இடையூறாக இருந்ததால் இரு கைகளிலும் கொப்புளம் எழுப்பி, அந்தத் தோலை நீக்கிவிட்டு மீண்டும் அளந்தார். கால்வனோமீட்டர் முள் முன்னிலும் நன்றாக நகர்ந்தது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் ‘அறியமாட்டோம்’ பலருக்கும் சுருக்கென்று தைத்தது.

அவர் சொன்ன எல்லைகள் இரண்டு. பருப்பொருளும் விசையும் அடிப்படையில் என்ன என்பது ஒன்று. மூளையில் அணுக்கள் அசைவதனால் வலி வலியாக உணரப்படுவது எப்படி என்பது மற்றொன்று. உலகின் ஒவ்வோர் அணுவின் இருப்பையும் இயக்கத்தையும் அறிந்ததாகக் கணிதவியலாளர் லாப்லாஸ் கற்பனை செய்த பேரறிவுக்கும் இவை பிடிபடா என்றார். 1880இல் இவற்றை ஏழு புதிர்களாக விரித்தார். அவற்றுள் உயிரின் தோற்றம் உள்ளிட்ட சில, காலப்போக்கில் விடை காணக்கூடியவை என்றே கருதினார். இதை அவரைத் தாக்கியவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899இல் ‘உலகப் புதிர்கள்’ என்ற நூலால் பதிலடி கொடுத்தார். நூல் அமோகமாக விற்றது. விடைகளில்தான் சரக்கு குறைவு.

கணிதத்தில் ‘அறியமாட்டோம்’ என்பதற்கே இடமில்லை என 1900இல் பாரிஸில் அறிவித்தார் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட். 1930 செப்டம்பர் 8 அன்று கோனிக்ஸ்பெர்க் நகரில் அதையே மீண்டும் முழங்கினார். வானொலிக்காக அவர் பேசிய சுருக்கத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. அந்த உரைக்கு முந்தைய நாள், அதே ஊரில் நடந்த வேறொரு கூட்டத்தில், 24 வயது தருக்கவியலாளர் குர்ட் கோடல் தம் முடிவைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்: முரணற்ற, போதிய வலுவுள்ள எந்த எண்கணித முறைமையிலும் அந்த முறைமைக்குள்ளேயே நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும். கூட்டத்தில் இருந்த கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் அதன் வீச்சை உடனே புரிந்துகொண்டார். கட்டுரை 1931இல் வெளியானது.

டு புவா-ரேமோன் சொன்னதை கோடல் நிரூபித்துவிட்டார் என்று பேசுவது பிழை. கோடலின் தேற்றம் முறைமைகளைப் பற்றியது. மூளையைப் பற்றியோ பருப்பொருளைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

டு புவா-ரேமோன் 1896இல் இறந்தார். மறு ஆண்டே ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்து, அணுவின் உட்புறத்தை ஆய்வுக்குத் திறந்துவிட்டார். பருப்பொருளைப் பற்றிய முதல் எல்லை இப்படிச் சற்று நகர்ந்தது; உணர்வைப் பற்றிய இரண்டாவது எல்லை அப்படி நகரவில்லை. 1995இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் அதே கேள்வியை நனவு பற்றிய ‘கடினச் சிக்கல்’ என்று பெயரிட்டு முன்வைத்தார். அப்படியொரு சிக்கலே கிடையாது என்று இன்னொரு மெய்யியலாளர் டேனியல் டெனட் மறுத்தார்.