துண்டுச் சீட்டிலிருந்து தொழில் நியாய சபை வரை

வேலை பிடிக்காத ஒருவன் அதை விட்டு நீங்குவதும், காரணமின்றி நீக்கப்பட்டவன் நியாயம் கேட்பதும் இன்று யாவரும் இயல்பெனக் கொள்ளும் செய்திகள். ஆயினும் இவ்விரண்டும் இலங்கைத் தொழிலாளிக்கு ஒரே நாளிற் கிடைத்தவை அல்ல. விலகிப் போகும் உரிமை முதலில் வந்தது; நிலைத்திருக்கும் உரிமை வந்து சேர மேலும் ஒரு தலைமுறைக்காலம் சென்றது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாறே இந்நாட்டுத் தொழிற் சட்டத்தின் வரலாறு எனலாம்.

கோப்பிப் பயிர் மலைநாடெங்கும் செழித்திருந்த காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வீட்டு வேலையாட்கள், கூலித் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரை அது ஆண்டது. வாயால் மட்டும் பேசிக்கொண்ட வேலையும் மாத ஒப்பந்தமாகவே கொள்ளப்பட்டது. முன்னறிவித்தல் கொடாது வேலையை விட்டு நீங்கியவன் வாக்குத் தவறியவனாக மட்டும் கருதப்படவில்லை, குற்றவாளியாகவே கருதப்பட்டான். நீதவான் முன் நிறுத்தப்பட்டால் அபராதம், சம்பள இழப்பு, மூன்று மாதம் வரையிலான சிறை என்பன அவனை எதிர்நோக்கி நின்றன. கடன் வாங்கியவன் கொடாதொழிந்தால் அது குடியியல் வழக்கு. கூலியாள் வேலைக்கு வாராதொழிந்தால் அது குற்ற வழக்கு. இவ்வேற்றுமையே அக்காலச் சட்டத்தின் உள்ளக்கிடக்கையைக் காட்டுவது.

இவ்வழக்கம் இங்கிலாந்தின் எசமான் ஊழியர் சட்டங்களைப் பின்பற்றி வந்தது. அங்கோ, வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றமாகாது என 1875இல் விதிக்கப்பட்டது. தாய்நாட்டிற் கைவிட்ட கோலைக் குடியேற்ற நாட்டில் ஆட்சியாளர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் மேலும் பற்றியிருந்தனர். தோட்டத்திற்கு ஆள் வேண்டியிருந்ததும், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த அந்த ஆளுக்கு அரசியலிற் குரல் இல்லாதிருந்ததுமே அதன் காரணங்கள்.

சட்டத்தின் கை எட்டாத இடத்தில் கடனின் கை எட்டியது. தொழிலாளரைத் திரட்டிக் கொணர்ந்த கங்காணி, வழிச் செலவு, துணிமணி, ஊரிலிருந்த பழைய கடன் ஆகியவற்றிற்காகக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கில் ஏறியது. அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், இன்ன தொகை கிடைத்ததும் இவன் விடுவிக்கப்படுவான் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே துண்டு. தமிழ்ச் சொல்லாகிய அது ஆங்கிலேயரின் ஆவணங்களிலும் அவ்வாறே இடம்பெற்றது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டியதும் ஆட்கள் கைமாறினர், கடனோ தீரவில்லை, பழைய துரைக்குப் பட்டது புதிய துரைக்குப் பட்டதாயிற்று. கங்காணிமார் துண்டை வைத்துத் தோட்டத்துக்குத் தோட்டம் பேரம் பேசினர். ஒவ்வொரு பேரத்திலும் தொழிலாளியின் தலைமீது சுமை ஏறியது.

1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் தண்டனைப் பிரிவுகளும் அக்காலத்திலேயே கைவிடப்பட்டன. அடுத்து வந்தது சம்பளம் பற்றிய சட்டம். 1927இன் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, 1929இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளம் வகுக்கப்பட்டது. மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறிப்பதிற் பெண்ணின் கை விரைந்தோடினும், அவள் பெயருக்கு நேரே எழுதப்பட்ட தொகை குறைவாகவே இருந்தது. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இலேயே நடைமுறைக்கு வந்தது.

இனிப் போக விரும்பியவன் போகலாம். ஆனால், இருக்க விரும்பியவனின் நிலை யாது? பழைய சட்டம் அவனைப் போகவிடாது கட்டியது. புதிய நிலையோ அவனை எளிதிற் போக்கிவிட இடங்கொடுத்தது. உரிய முன்னறிவித்தல் கொடுத்தால் வேலைகொள்வோன் எவரையும் நீக்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. அநீதியாக நீக்கப்பட்டவன் குடியியல் நீதிமன்றம் சென்றாலும் பெறக்கூடியது நட்டஈடேயன்றி வேலையன்று. தோட்டத்தில் இக்கேடு இருமடங்காயிற்று. பற்றுச்சீட்டுக் கையில் விழுந்த அன்றே வேலை போயிற்று. வேலையோடு லயத்து அறையும் போயிற்று. அறையோடு பிள்ளைகள் தலைசாய்க்கும் இடமும் போயிற்று. இந்த அச்சம் இருக்கும்வரை, எட்டணா கூடுதலாகக் கேட்கவும் வாய் திறக்க எவன் துணிவான்?

இவ்வச்சத்தை முதலில் எதிர்கொண்டவை தொழிற்சங்கங்களே. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கா 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1929இல் டிராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின் பின், வேலைகொள்வோர் சம்மேளனம் அச்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மலைநாட்டில் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை மேடைகளிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தை எழுத்தறியாத மக்களிடம் கொண்டு சேர்க்கப் பேச்சும் பாட்டும் அன்றி வேறு வழி அந்நாளில் இல்லை. 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களுக்குப் பதிவும் பாதுகாப்பும் அளித்தது. ஆயினும் ஏட்டில் இருந்த உரிமை தோட்டத்து எல்லைக்குள் நுழைய உயிர்விலை கொடுக்க நேர்ந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்நிகழ்ச்சி பற்றிய விசாரணையை ஒட்டி எழுந்த பிணக்கில் அமைச்சர்கள் பதவி துறந்தனர். அதே ஆண்டில் தோட்டச் சொந்தக்காரர் தரப்பும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன.

பின்னர்ச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், வேலைகொள்வோரும் தொழிலாளரும் அரசு நியமித்தோரும் ஒரே மேசையில் இருந்து சம்பளத்தை வகுக்கச் செய்தது. 1950இன் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் சமரசத்திற்கும் நடுத்தீர்ப்பிற்கும் வழிவகுத்தது. 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. எனினும் இவை எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் 1957இல் வந்த திருத்தமே. அது தொழில் நியாய சபைகளை உண்டாக்கியது. வேலை நீக்கப்பட்ட தனியொருவன் தானாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ அங்கு முறையிடலாம். ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், அதனைக் கடந்து, நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றும் கட்டளையைச் சபை வழங்கலாம். மீண்டும் வேலையில் அமர்த்தும்படியும் பணிக்கலாம். கைநாட்டு வைத்துவிட்டாயே என்று வாயை அடைத்த காலம் அத்தோடு முடிவுற்றது.

1971இல் இரு சட்டங்கள் இவ்வழியை மேலும் அகலச் செய்தன. ஒன்று, நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து எவரையும் வெளியேற்றலாகாது என்றது. வேலையையும் வீட்டையும் ஒரே முடிச்சிற் கட்டியிருந்த கயிற்றை அது அவிழ்த்தது. மற்றையது, அவ்வாண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம். பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்திற்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்கக் குற்றத்திற்காக நிறுத்தினும், காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்திற் கொடுத்தல் வேண்டும்.

இவ்வேலிக்கு இன்னும் இடைவெளிகள் உண்டு. பதினைந்துக்குக் குறைந்த ஆட்களை வைத்திருக்கும் சிறிய கடைக்கும் பட்டறைக்கும் இக்கடைசிச் சட்டம் எட்டாது. ஆண்டில் 180 நாள் வேலைசெய்யாதவரையும் அது தழுவாது. நியாய சபைக்கும் காலவரம்பு உண்டு. வேலை முடிவுற்ற நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் முறையிடாதவனின் வழக்கு எத்துணை நியாயமாயினும் வாயிலிலேயே நின்றுவிடும். ஆதலால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு ஆகிய மூன்றையும் பேணி வைத்தல் வெறும் ஒழுங்கு மட்டுமன்று. வேலை செய்தேன் என்பதற்கும், எத்தனை நாள் செய்தேன் என்பதற்கும் சபையின் முன் அவையே சாட்சி கூறும்.

அன்று ஒரு காகிதத் துண்டு தொழிலாளியின் கடனைச் சொல்லி அவனைக் கட்டியது. அதை எழுதியவரும் வைத்திருந்தவரும் பிறர். இன்று அவனுடைய உரிமையைச் சொல்லும் காகிதம் அவன் கையிலேயே இருக்கலாம். அதைப் பெறுவதும், படித்தறிவதும், காலம் தவறாது காட்டுவதும் அவனுடைய பொறுப்பாயின், அவ்வுரிமையை ஈட்டித் தந்தோரின் பாடு வீண்போகாது.