சூரியனின் தூரத்தை அளந்த கதை

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையில் நீங்களும் உங்கள் நண்பரும் ஐம்பது அடி இடைவெளி விட்டு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றின் நடுவே ஒரு பரிசல் நிற்கிறது. உங்கள் பார்வைக்கு அப்பரிசல் அக்கரையில், ஈரோட்டுப் பக்கம் உள்ள ஒரு தென்னை மரத்துக்கு நேராகத் தெரிகிறது. நண்பரைக் கேட்டால், "தென்னைக்கு நேராகவா? அதற்குப் பக்கத்து மாடி வீட்டுக்கு நேராக அல்லவா இருக்கிறது!" என்கிறார். இருவர் கூற்றும் உண்மையே. பரிசல் அசையவில்லை, பார்க்கும் இடம் வேறுபட்டதால் பரிசலின் தோற்றம் அக்கரையில் வேறு வேறு இடத்தில் விழுகிறது. இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

உங்கள் இருவருக்கும் உள்ள இடைவெளி தெரியும். அக்கரையில் தென்னைக்கும் மாடி வீட்டுக்கும் உள்ள இடைவெளியையும், அது கண்ணுக்கு எவ்வளவு கோணமாகத் தெரிகிறது என்பதையும் கணக்கிட முடிந்தால், ஆற்றில் இறங்காமலே அதன் அகலத்தைக் கூறிவிடலாம். மனிதன் சூரியனுக்குள்ள தூரத்தை அளந்ததும் இந்த முறையில்தான். அங்கே ஆற்றுக்குப் பதில் விண்வெளி. அக்கரைக்குப் பதில் சூரியன். பரிசலுக்குப் பதில் வெள்ளி என்னும் கோள். இந்த அளவீட்டின் வரலாற்றில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும், பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார்.

அளவுகோல் இல்லாத வரைபடம்

1619ஆம் ஆண்டில் கெப்ளர் தம் மூன்றாம் விதியை வெளியிட்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் காலம் தெரிந்தால், அது சூரியனிலிருந்து எத்தனை பங்கு தூரத்தில் உள்ளது என்று அவ்விதி கூறும். புவியின் தூரத்தை 100 பங்கு என்று கொண்டால், வெள்ளி 72 பங்கிலும், செவ்வாய் 152 பங்கிலும், வியாழன் 520 பங்கிலும் உள்ளன. ஆனால் ஒரு பங்கு என்பது எத்தனை மைல்? அதை எவராலும் சொல்ல இயலவில்லை. ஊரின் வரைபடம் கையில் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை மைல் என்ற குறிப்பு மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. ஏதேனும் ஒரு தூரத்தை உண்மையில் அளந்துவிட்டால் போதும், மற்றெல்லாத் தூரங்களும் தாமாகவே கிடைத்துவிடும்.

ஆங்கிலேய வானியலார் எட்மண்டு ஹாலி 1716இல் அதற்கு வழி கூறினார். வெள்ளி சில சமயம் புவிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வரும். அப்போது அது சூரிய வட்டின்மேல் ஒரு சிறு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்லும். இதனை வெள்ளிக் கடப்பு என்போம். புள்ளியின் குறுக்களவு சூரிய வட்டில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே.

புவியில் வடக்கே ஒருவரும், அவருக்கு 7,000 கி.மீ. தெற்கே மற்றொருவரும் நின்று இக்காட்சியைக் காண்பதாகக் கொள்ளுங்கள். வெள்ளியிலிருந்து புவி 28 பங்கு தூரம். சூரியன் 72 பங்கு தூரம். ஆகவே இருவரும் காணும் பாதைகள் சூரியன்மேல் 7,000 × 72 ÷ 28, அதாவது 18,000 கி.மீ. விலகியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் வெள்ளி சூரியனைக் கடந்த நேரத்தைக் குறித்தால், பாதையின் நீளம் கிடைக்கும். இரு பாதைகளின் நீளங்களைக் கொண்டு அவற்றின் இடைவெளி சூரிய வட்டில் எத்தனையில் ஒரு பங்கு என்று கண்டுவிடலாம். அது ஏறக்குறைய 77இல் ஒரு பங்காக வரும். அப்படியானால் சூரியனின் குறுக்களவு 77 × 18,000. சுமார் 13 இலட்சத்து 86 ஆயிரம் கி.மீ. சூரியன் தன் குறுக்களவைப்போல் 107 மடங்கு தூரத்தில் இருப்பதை அதன் தோற்ற அளவிலிருந்து முன்பே அறிவோம். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 15 கோடி கி.மீ.!

கணக்கு எளிது, ஆனால் கடப்பு அரிது. வெள்ளி 584 நாட்களுக்கு ஒருமுறை நம்மைத் தாண்டிச் செல்கிறது. எனினும் அதன் பாதை புவியின் பாதைக்குச் சற்றே சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். பஞ்சாங்கத்தில் இராகு, கேது என்று கூறப்படுபவை சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள் அல்லவா? வெள்ளிக்கும் அத்தகைய இரு புள்ளிகள் உண்டு. அப்புள்ளிக்கு அருகே வரும்போதுதான் கடப்பு நிகழும். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தால், பின்னர் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஹாலி தம் காலத்தில் அடுத்த கடப்பு இல்லை என்று அறிந்தே பின்வந்தோருக்கு இவ்வழியை எழுதிவைத்தார். அவர் 1742இல் மறைந்தார்.

புதுச்சேரியில் காத்திருந்த மனிதர்

1761 ஜூன் 6ஆம் நாள் கடப்பு வந்தது. சென்னையில் ஆளுநர் மாளிகையின் மேல்தளத்தில் நின்று வில்லியம் ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் அதனைக் கண்டு குறித்தார். அதே கடப்பைக் காணப் பிரான்சிலிருந்து ல ழாந்தி என்ற வானியலார் புதுச்சேரிக்குப் புறப்பட்டிருந்தார். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த காலம் அது. கப்பல் மலையாளக் கரையை நெருங்கியபோதே புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்துவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. கடப்பு நாளன்று அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் கடிகாரமும் சரியாக ஓடாது; இருக்கும் இடமும் துல்லியமாகத் தெரியாது. கண்ட காட்சி கணக்குக்கு உதவவில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. எட்டாண்டு காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4, விடியற்காலை. சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் கடப்பு முடிந்துவிடும். முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம் அன்று மேகத்தால் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபின் சூரியன் வெளியே வந்தது! 1771இல் நாடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர்.

அவருடைய பயணம் வீணாயிற்று என்று நினைக்காதீர்கள். புதுச்சேரியில் தங்கியிருந்த நாட்களில் அவர் ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். காகிதமில்லை, எழுதுகோலில்லை. கணிப்பவர் தரையில் சோழிகளை வைத்து எண்களைக் குறித்து, மனப்பாடமாக அறிந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கணக்கை முடித்துவிடுவார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் இம்முறை 41 விநாடி மட்டுமே பிழைபட்டது. அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த பட்டியலான மாயரின் பட்டியல் 68 விநாடி பிழைபட்டது என்று அவரே பதிவு செய்தார்.

வாக்கியமும் வானமும்

சோழிக் கணக்கின் உயிர்நாடி வாக்கியங்கள். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து, சந்திரனின் அன்றன்றைய இடத்தைச் சிறு சொற்றொடர்களாக அமைத்தனர். இவ்வாறு 248 சந்திர வாக்கியங்கள் உண்டு. ஏன் 248? சந்திரன் புவிக்கு மிக அருகே வந்து, விலகி, மீண்டும் அருகே வரும் சுற்று ஒன்பது முறை நிறைவடைய ஏறத்தாழ 248 நாட்கள் ஆகின்றன. எவ்வளவு கூர்ந்து வானத்தைப் பார்த்தவர்கள் இதைக் கண்டிருக்க வேண்டும்!

ஆனால் ஒரு குறை நேர்ந்தது. வாக்கியங்களைப் படைத்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்; பின்வந்தவர்களுள் பலர் வாக்கியத்தை மட்டும் பார்த்தார்கள். எத்துணைத் துல்லியமான கணக்கிலும் சிறு பிழை இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது சேர்ந்துகொண்டே போகும். 1825இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரின் சோழிக் கணக்கைப் பதிவு செய்தார். அவ்வாண்டு மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தின் தொடக்கத்தை அவர் 4 நிமிடப் பிழைக்குள் சொல்லிவிட்டார். கிரகணத்தின் நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை வந்தது. நினைவாற்றலிலிருந்து இவ்வளவு சொன்னது வியப்புக்குரியது. ஆனால் அந்தப் பிழையைக் கண்டு வாக்கியத்தைத் திருத்துவோர் யார்?

சிந்தாமணி இரகுநாதாச்சாரி

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக நடப்பட்டது அப்போதுதான் என்ற கருத்தில், அங்கிருந்த கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறித்தனர். புதுச்சேரிச் சோழிகளைப் பற்றிக் கல்லில் வெட்டியவர்கள் கேள்விப்படவில்லை போலும்!

அந்த ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிப்பது அவருடைய குலத்தொழில். வாக்கியமும் அறிந்தவர், தொலைநோக்கியும் அறிந்தவர். 1867இல் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வனபர்த்திக்குச் சென்றார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அவர் மனத்தை உறுத்திய கேள்வி நாம் மேலே எழுப்பியதுதான். கணக்கு ஒன்று சொல்ல, வானம் வேறொன்று காட்டினால் எதை நம்புவது? வானத்தைத்தான் நம்ப வேண்டும், கணக்கைத் திருத்த வேண்டும் என்று அவர் துணிந்தார். கண்ணால் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்னும் பொருளில் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். "திருக்" என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. முன்னோர் நூலைத் திருத்துவதா என்ற எதிர்ப்பும் இருந்தது. முன்னோரும் வானத்தைப் பார்த்தே எழுதினர் என்பதே அதற்கு விடை. இன்றும் நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு வழங்குவதையும், திதிகளின் நேரம் அவற்றில் வேறுபடுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேறுபாட்டின் பின்னே இந்தக் கதை இருக்கிறது.

1874 டிசம்பர் 9ஆம் நாள் மீண்டும் வெள்ளிக் கடப்பு வரவிருந்தது. இந்தியாவில் காலை ஏழு மணிக்குமேல் தொடங்கி நண்பகல்வரை நடக்கும் காட்சி அது. இரகுநாதாச்சாரி அதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்திலும், கன்னடம், உருது முதலிய இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. ஒரு சித்தாந்தி ஐயங்களைக் கேட்க, ஆசிரியர் விடை சொல்லும் உரையாடலாக அதை அமைத்தார். சித்தாந்தியை ஏளனம் செய்து ஒதுக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து விளக்கும் முறை அது. சூரியனின் தூரத்தை அறிய இந்தக் காட்சி எவ்வாறு உதவும் என்பதைச் சாதாரண மக்களும் அறிய வேண்டும் என்று அவர் எண்ணினார். மக்களுக்கான அறிவியல் எழுத்தில் நம் நாட்டு முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1880 பிப்ரவரி 5ஆம் நாள் அவர் காலமானார்.

கிடைத்த விடை

1761, 1769 கடப்புகளைக் கொண்டு பிரெஞ்சு வானியலார் லலாந்து கணித்த தூரம் சுமார் 15 கோடியே 30 இலட்சம் கி.மீ. ஹாலி எதிர்பார்த்த துல்லியம் கிட்டவில்லை. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் தருணத்தில், ஒட்டிய நீர்த்துளி பிரிய மறுப்பதுபோல் கரும்புள்ளி விளிம்போடு ஒட்டி நீள்கிறது. எந்த விநாடியில் பிரிந்தது என்று அருகருகே நின்ற இருவர்கூட ஒத்துச் சொல்ல இயலவில்லை. 1874இலும் 1882இலும் மீண்டும் முயன்றனர். நான்கு கடப்புகளையும் சேர்த்து ஆராய்ந்த சைமன் நியூகோம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 14 கோடியே 96 இலட்சம் கி.மீ. என்ற அளவை அடைந்தார். 1961இல் வெள்ளியின்மீது ரேடார் அலைகளைச் செலுத்தி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு மேலும் துல்லியமாக அளந்தனர். நியூகோம் கூறிய அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது. 2012இல் பன்னாட்டு வானியல் கழகம் இந்த அளவை 14,95,97,870.7 கி.மீ. என்று வரையறுத்துவிட்டது.

அதே 2012இல், ஜூன் 6 காலையில் ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்தவர்களுக்கு எதிரே, பள்ளிபாளையத்துக்கு மேல் உதித்த சூரியனில் வெள்ளி ஏற்கெனவே ஒரு புள்ளியாக இருந்தது. அது பத்து மணிக்குமேல் விலகிச் சென்றது. 2004 ஜூன் 8 கடப்பும் நம் நாட்டில் தெரிந்தது. இவ்விரண்டையும் தவறவிட்டவர்கள் அடுத்ததைக் காண இயலாது. அது 2117 டிசம்பர் 11ஆம் நாள்தான் வரும்.

ஆனால் கணக்கில் ஒரு பங்கை இன்றே நீங்கள் செய்து பார்க்கலாம். சூரியனை நேராகவோ தொலைநோக்கி வழியாகவோ ஒருபோதும் பார்க்கக்கூடாது, பார்வை போய்விடும். ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, அதில் அரைச் சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளையிடுங்கள். அதன்மேல் வெயில் படச் செய்து, எதிரொளியை இருண்ட அறையின் சுவரில் விழவிடுங்கள். துளை சதுரமாக இருந்தாலும் சுவரில் விழுவது வட்டமே. அது சூரியனின் படம். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால், வட்டத்தின் குறுக்களவு சுமார் 10 செ.மீ. இருக்கும். அதில் துளையின் அளவைக் கழித்துவிட்டுத் தூரத்தை மீதியால் வகுத்துப் பாருங்கள். விடை 107க்கு அருகே வரும்.

சற்றுக் கூடக்குறைய வந்தால் கவலைப்படாதீர்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போய்விடவும் வேண்டா. மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.